ஆதி அரசனின் தயக்கம்

அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரிடம் யுதிஷ்டிரர் கேட்ட கேள்விகள் பல. அவற்றுள் ஒன்று கேட்பதற்கு எளியது, விடை கூறுவதற்கு அரியது. மற்றவரைப் போலவே இரு கைகளும் ஒரு கழுத்தும் உடையவன், மற்றவரைப் போலவே பிறந்து, இன்ப துன்பங்களை நுகர்ந்து மடிகிறவன். அப்படிப்பட்ட ஒருவன், அறிவிலும் வீரத்திலும் தனக்குக் குறையாத பலரை எந்த நியாயத்தால் ஆள்கிறான்?

மகாபாரதத்தின் சாந்தி பர்வம் இதற்குத் தரும் விடைகளுள் ஒன்று பெரிதும் பேசப்படுவது. அரசன் இல்லாத காலத்தில், நீரில் பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவது போல வலியவர் எளியவரை விழுங்கினர். இந்நிலையைச் சாத்திரங்கள் 'மச்ச நியாயம்' எனக் குறிக்கின்றன. துயருற்ற மக்கள் பிரம்மதேவரிடம் முறையிட்டனர். அவர் மனுவைச் சுட்டிக் காட்டினார். மனு உடனே இசையவில்லை. ஆட்சி புரிவதில் பாவம் நேரும் என்று அஞ்சினார். பாவம் அதைச் செய்தவரையே சேரும் என்று மக்கள் அவரைத் தேற்றினர். கால்நடையிலும் பொன்னிலும் ஐம்பதில் ஒரு பங்கும், தானியத்தில் பத்தில் ஒரு பங்கும் தருவதாக வாக்களித்தனர். அதன் பின்னரே அவர் பொறுப்பை ஏற்றார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் இக்கதையின் சுருக்கம் உண்டு. அங்கே தானியத்தின் பங்கு ஆறில் ஒன்று.

இக்கதையைப் படிப்போர் வரியையும் காவலையும் கவனிக்கின்றனர். மனுவின் தயக்கத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆனால் அரசதிகாரம் எப்போது அறமாகிறது, எப்போது அறத்திலிருந்து நழுவுகிறது என்ற வினாவுக்கான திறவுகோல் அந்தத் தயக்கத்தில்தான் இருக்கிறது.

விவேக் நகருக்கு அடுத்த தெரு

பெங்களூருவின் விவேக் நகர், தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி. அதை ஒட்டியுள்ள ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்காக மாநகராட்சி 1990-களின் தொடக்கத்தில் அடுக்கு வீடுகளைக் கட்டியது. வீடுகளின் எண்ணிக்கை 1,512. வீட்டுவேலை செய்யும் பெண்கள், துப்புரவுப் பணியாளர்கள், கட்டடக் கூலிகள் ஆகியோரின் குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. தமிழரும் கன்னடரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினர்.

கட்டடங்களின் தரம் நன்றாக இல்லை. சில ஆண்டுகளிலேயே அவை பழுதுற்றன. சில இடிந்தும் விழுந்தன. எஞ்சியவையும் அபாயமானவை எனக் கருதப்பட்டு அகற்றப்பட்டன. அங்கு வாழ்ந்தவர்கள் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் தங்கினர். இதற்கிடையே, ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து மேம்படுத்தும் திட்டம் உருவாயிற்று. ஒரு பகுதியில் ஏழைகளுக்கான புதிய வீடுகள். மறு பகுதியில் வணிக வளாகம்.

2013 ஜனவரி 18-ஆம் தேதியும் அதையடுத்த நாள்களிலும், காவல்துறையின் பாதுகாப்புடன் வந்த மண்வாரி இயந்திரங்கள் அந்தக் கொட்டகைகளை இடித்துத் தள்ளின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பலர் பல மாதங்கள் அந்நிலத்தைச் சுற்றியுள்ள நடைபாதையிலேயே வாழ்ந்தனர். இடிப்பு நடந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும், முதலில் வீடு ஒதுக்கப்பட்டவர்கள் வாக்களிக்கப்பட்ட புதிய வீட்டுக்காகக் காத்திருந்தனர். வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு அந்த வாக்குறுதியும் இல்லை.

இங்கே யாரையும் கொடியவர் என்று முத்திரை குத்துவது எளிது. அது சிந்தனைக்கு உதவாது. திட்டத்தின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. இடியும் நிலையிலுள்ள கட்டடத்தில் மக்களை வாழவிடுவது அரசின் கடமை ஆகாது. புதிய வீடு கட்டப் பணம் வேண்டும். நிலத்தின் வணிக மதிப்பைக் கொண்டு அப்பணத்தைத் திரட்டலாம் என்பது ஒரு கணக்கு. விவகாரம் நீதிமன்றத்தையும் கண்டிருந்தது. அப்படியிருக்க, சட்டப்படி நடந்த ஒரு செயலின் முடிவில் குழந்தைகள் ஜனவரிக் குளிரில் நடைபாதையில் உறங்கினார்கள் என்றால், பிழை எங்கே நேர்ந்தது?

ஒப்பந்தம் கூறும் நிபந்தனை

அரசின் அதிகாரத்துக்கு நியாயம் தேடிய மேலைநாட்டுச் சிந்தனையாளர்களுள் தாமஸ் ஹாப்ஸ் வலுவான அரசை வேண்டியவர். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் கண்ட அவர் 1651-இல் வெளியிட்ட 'லெவியாத்தன்' நூலில், பொதுவான அதிகாரம் இல்லாத இடத்தில் வாழ்க்கை ஓயாத அச்சமாகிவிடும் என்றார். மச்ச நியாயத்தின் ஐரோப்பிய வடிவம் இது. ஆயினும் அவரே ஒரு வரம்பைச் சொன்னார்: அரசு காக்கும் வரைதான் குடிமகனின் கீழ்ப்படிதல் நிற்கும். காவலுக்கு ஈடாகவே பணிவு.

ஜான் லாக் 1689-இல் வெளியான தம் நூலில் மேலும் ஓரடி சென்றார். ஆட்சி என்பது மக்கள் நம்பி ஒப்படைத்த பொறுப்பு. அந்த நம்பிக்கை முறிந்தால் அதிகாரம் மக்களிடமே திரும்பும். மனிதன் தன் உழைப்பைக் கலந்த பொருளே அவனுடைய உடைமை என்பதும் அவர் வாதம். ரூசோ 1762-இல் செல்வத்துக்கே ஓர் எல்லை குறித்தார். மற்றொருவரை விலைக்கு வாங்குமளவு எவரும் செல்வராகிவிடக் கூடாது. தன்னையே விற்குமளவு எவரும் வறியவராகிவிடக் கூடாது. அத்தகைய சமநிலை இல்லாத இடத்தில் சட்டத்தின் முன் சமம் என்பது பெயரளவில் நிற்கும்.

மூவரும் வேறுபட்டவர்கள். ஆயினும் ஒன்றில் ஒத்துப்போகின்றனர். அரசதிகாரம் நிபந்தனைக்கு உட்பட்டது. காவலைப் பெறாதவனிடம், நம்பிக்கை முறிக்கப்பட்டவனிடம் அரசு கேட்கும் பணிவுக்கு அடிப்படை தளர்ந்துவிடுகிறது. மனுவிடம் மக்கள் செய்துகொண்ட உடன்பாடும் அதுவே: பங்கு தருகிறோம், காத்தருள்க.

இரு எதிரெதிர் துருவங்கள்

இருபதாம் நூற்றாண்டில் இவ்விவாதம் பொருளாதார நீதியை மையமாகக் கொண்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரே துறையில் பணியாற்றிய இருவர் எதிரெதிர்த் திசையில் நின்றனர்.

ஜான் ரால்ஸ் 1971-இல் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். சமுதாயத்தின் விதிகளை வகுக்கப் போகிறவர்கள் அறியாமைத் திரைக்குப் பின்னே அமர்கின்றனர். தாம் செல்வராவோமா வறியவராவோமா, எந்தக் குலத்தில் பிறப்போம், எந்தத் திறமை வாய்க்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்போது அவர்கள் எந்த விதியை ஏற்பர்? ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது கடைநிலையில் உள்ளவருக்கும் நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்பதே ரால்ஸின் விடை. பலருக்குக் கிடைக்கும் சிறு நன்மைகளைக் கூட்டி, சிலருக்கு நேரும் பெருந்துன்பத்தைக் கழித்துக் கணக்கு முடிப்பதை அவர் ஏற்கவில்லை. துன்பம் தனித்தனி மனிதரால் அனுபவிக்கப்படுகிறது. ஒருவருடைய கண்ணீரை மற்றொருவருடைய மகிழ்ச்சி ஈடு செய்வதில்லை.

ராபர்ட் நோசிக் 1974-இல் இதை மறுத்தார். உயிர், உடைமை, ஒப்பந்தம் ஆகியவற்றைக் காப்பதோடு அரசின் பணி முடிகிறது. ஒருவருடைய உழைப்பின் பயனைப் பிடுங்கி மற்றவருக்கு அளிப்பது அவரை வெறும் கருவியாக்குவதாகும் என்பது அவர் வாதம். செல்வந்தர்க்கு உவப்பான தத்துவம் போல இது தோன்றும். ஆனால் நோசிக்கின் கோட்பாட்டிலேயே மற்றொரு பகுதி உண்டு. முன்னர் அநியாயமாகப் பெறப்பட்ட உடைமைக்குத் திருத்தம் செய்தாக வேண்டும். அதை நேர்மையாகக் கையாண்டால், வறியவருக்கென ஒதுக்கப்பட்ட பொதுநிலம் கை மாறுவதை அவருடைய சீடரும் எளிதில் கடந்துபோக முடியாது.

ஈஜிபுராவின் திட்டத்தை இவ்விரு உரைகற்களிலும் தேய்த்துப் பார்க்கலாம். வணிக வளாகத்தால் நகரம் வளம் பெறும் என்பது உண்மையாகவே இருக்கட்டும். அறியாமைத் திரைக்குப் பின்னே இருப்பவர், தாம் அத்தகரக் கொட்டகையில் வாழும் வாடகைக் குடித்தனக்காரராக இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தால், மாற்று இல்லம் அமையும் முன் கூரை பிரிக்கப்படுவதற்கு இசைவாரா?

காகிதம் உள்ளவரும் இல்லாதவரும்

உடைமையுரிமை என்னும் கோட்பாடு பத்திரம் வைத்திருப்பவரைக் காக்கிறது. ஈஜிபுராவில் முதலில் வீடு பெற்றவர்கள் ஒரு வகையினர். அவர்களிடமிருந்து வாடகைக்குப் பெற்றவர்களும், கைமாறிப் பெற்றவர்களும் மற்றொரு வகையினர். பதிவேடு முன்னவரை அறியும், பின்னவரை அறியாது. லாக்கின் அளவுகோலால் பார்த்தால், அந்த இடத்தை வாழுமிடமாக்கியதில் பின்னவரின் உழைப்பும் கலந்திருக்கிறது. அரசின் கண்ணுக்குத் தெரிவது காகிதம் மட்டுமே.

இந்தியச் சட்டம் இதை முற்றிலும் அறியாததன்று. 1894-ஆம் ஆண்டின் பழைய நில எடுப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2013-இல் இயற்றப்பட்டு 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், நகர்ப்புற நிலத்தில் மூன்று ஆண்டுகளாகக் குடியிருந்துவரும் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் அச்சட்டம் அரசு நிலத்தை எடுக்கும்போது மட்டுமே பேசுகிறது. நிலம் ஏற்கெனவே அரசினுடையதாக இருந்துவிட்டால் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே சட்டமும் மௌனமாகிவிடுகிறது. நாட்டின் நகரங்களில் மிக வறியவர்கள் பெரும்பாலும் வாழ்வது இத்தகைய நிலங்களில்தான்.

அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஐரிஸ் மேரியன் யங் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 2011-இல் வெளியான நூல் ஒன்றில், குழந்தைகளோடு தனியே வாழும் ஒரு தாயின் கதை வருகிறது. அவள் குடியிருக்கும் கட்டடம் கைமாறுகிறது. வேறு வீடு தேடுகிறாள். வீட்டு உரிமையாளர், தரகர், வங்கி எவரும் அவளை வஞ்சிக்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் விதிப்படி நடக்கின்றனர். இறுதியில் அவள் வீடற்றவளாகும் நிலைக்குத் தள்ளப்படுகிறாள். தவறு செய்த ஒருவரைக் காட்ட முடியாதபோதும் அநீதி நிகழ்ந்துவிடுகிறது என்பது யங் காட்டும் உண்மை. அந்த ஏற்பாட்டில் பங்குகொண்டு பயன்பெறும் அனைவரும் அதைத் திருத்தும் பொறுப்பிலும் பங்காளிகள் என்கிறார் அவர்.

பாண்டியனும் பதிவேடும்

தமிழர் நெஞ்சில் இவ்விடத்தில் சிலப்பதிகாரம் எழுவது இயல்பு. பொற்கொல்லன் பொய் சொன்னான், காவலன் வாளோங்கினான், அரசன் ஆராயாது ஆணையிட்டான். கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையை மெய்ப்பித்தபோது, பாண்டியன் நெடுஞ்செழியன் கொல்லனைக் கைகாட்டியிருக்கலாம், காவலனைக் குற்றம் சாட்டியிருக்கலாம். அவன் அவ்வாறு செய்யவில்லை. பிழை முழுவதையும் தன்மேல் ஏற்று அரியணையிலேயே உயிர்நீத்தான். ஆணையிடும் முன் அவனிடம் இல்லாமற் போன தயக்கம், பின்னர் உயிரை விலையாகக் கேட்டது.

அக்காலத்தில் பாவத்துக்கு ஒரு முகவரி இருந்தது. இன்றைய அரசு ஆயிரம் மேசைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு மேசை திட்டம் தீட்டுகிறது. மற்றொன்று ஒப்பந்தம் எழுதுகிறது. வேறொன்று ஆணை பிறப்பிக்கிறது. வேறொருவர் இயந்திரத்தை ஓட்டுகிறார். ஒவ்வொருவர் பங்கும் மிகச் சிறியது. ஆதலால் ஒருவருக்கும் கை நடுங்குவதில்லை. மனுவுக்கு வந்த தயக்கம் அத்தனை மேசைகளிலும் சிதறிக் காணாமற் போகிறது. அதிகாரத்தின் பெரிய ஆபத்து கொடுமையான மனத்தைவிட இந்தத் தயக்கமின்மையிலேயே மிகுதியாக உள்ளது.

நீதி எழுத்தில், நியாயம் வாழ்வில்

அமர்த்தியா சென் 2009-இல் வெளியிட்ட நீதியைப் பற்றிய நூலில் இரண்டு வடமொழிச் சொற்களை வேறுபடுத்துகிறார். நிறுவனங்களும் விதிகளும் ஒழுங்காக இருப்பது நீதி. மக்களின் வாழ்வில் உண்மையில் என்ன விளைகிறது என்பது நியாயம். மச்ச நியாயத்தைத் தடுப்பதே நீதியின் முதற்கடமை என்பதற்கு அவரும் அதே மீன் உவமையைத்தான் எடுத்தாள்கிறார். விதி சரியாக இருந்தும் சிறுமீன் விழுங்கப்பட்டால், அங்கே நீதி உண்டு, நியாயம் இல்லை.

இந்த இடைவெளியை நீதிமன்றங்களும் கண்டுள்ளன. பம்பாயின் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் இந்திய உச்சநீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று அறிவித்தது. அதே தீர்ப்பு, உரிய முறைப்படி அவர்களை அகற்றவும் இடம் தந்தது. மழைக்காலம் கழியும் வரை பொறுக்கச் சொன்னது. 2024 நவம்பர் 13 அன்று அதே நீதிமன்றம், தண்டனையாக வீடுகளை இடிப்பது கூடாதென்றும், இடிக்கும் முன் பதினைந்து நாள் அறிவிப்பு வேண்டுமென்றும் விதித்தது. எனினும் சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றி எழுந்த கட்டுமானங்களை அந்த விதிகளிலிருந்து விலக்கியது.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் அருகே, குடிசைகள் இடிக்கப்பட்டு விளையாட்டுத் திடலில் தஞ்சம் புகுந்த மக்களின் சார்பில் ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண்மணி வழக்காடினார். 2000-இல் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம், மிகக் கடுமையான தேவையில் இருப்போரைக் கைவிடும் வீட்டுவசதித் திட்டம் நியாயமானதாகாது என்று தீர்ப்பளித்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் போற்றிப் படிக்கப்படும் தீர்ப்பு அது. ஆனால் க்ரூட்பூம் அம்மையார் 2008-இல் இறந்தபோதும் தகரக் குடிசையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். ஏட்டில் வென்ற நீதி அவர் தலைக்குமேல் கூரையாக மாறவில்லை.

இதிலிருந்து தெளிவாவது ஒன்று. வீடிழந்தவரைப் பொறுத்தவரை காலமும் நீதியின் ஓர் அங்கம். நாளை தரப்போகும் வீடு இன்றைய இரவைத் தாங்குவதில்லை. பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கும் சிறுமிக்கு அந்த ஓராண்டு திரும்ப வராது. நகரின் வெளி எல்லையில் மாற்று வீடு கிடைத்தாலும், விடியற்காலையில் கோரமங்களாவில் பாத்திரம் துலக்க வேண்டியவளுக்கு அது வேலையிழப்பாகவும் முடியலாம்.

காந்தியடிகளும் அம்பேத்கரும்

அப்படியானால் அரசின் கைகளை இன்னும் வலுப்படுத்தினால் போதுமா? காந்தியடிகள் அவ்வாறு கருதவில்லை. 1934-இல் நிர்மல் குமார் போஸுடன் உரையாடியபோது, வன்முறை திரண்டு நிற்கும் வடிவமாகவே அரசை அவர் கண்டார். தனிமனிதனுக்கு ஆன்மா உண்டு, அரசோ ஆன்மா இல்லாத பொறி என்றார். எனவேதான் செல்வர் தம் செல்வத்துக்கு அறங்காவலராக மாற வேண்டும் என்னும் தர்மகர்த்தா தத்துவத்தை வலியுறுத்தினார். செய்யப் போகும் செயல், தாம் கண்டவருள் மிக வறிய, மிக மெலிந்த மனிதருக்குப் பயன்படுமா என்று எண்ணிப் பார்க்கும்படி 1947-இல் அவர் எழுதித் தந்த குறிப்பு பலரும் அறிந்தது. மனுவின் தயக்கத்தை ஒவ்வொரு மனிதரின் கையிலும் கொடுத்த குறிப்பு அது.

செல்வரின் மனமாற்றத்தை மட்டும் நம்பியிருக்க அம்பேத்கர் தயாராக இல்லை. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக நாடு ஒரு முரண்பாட்டுக்குள் நுழைகிறது என்று எச்சரித்தார். நாட்டின் பொருள்வளம் பொது நன்மைக்கு ஏற்பப் பகிரப்பட வேண்டும், செல்வம் சிலரிடம் குவியக் கூடாது என்பதை அரசியல் சாசனத்தின் 39-ஆவது பிரிவு அரசுக்கு வழிகாட்டும் நெறியாக வைத்துள்ளது. அதை நீதிமன்றத்தின் மூலம் நேரடியாக வற்புறுத்த முடியாது. ஆகவே அது ஆள்வோரின் மனச்சாட்சிக்கும் அவர்களைத் தேர்ந்தெடுப்போரின் மனச்சாட்சிக்கும் விடப்பட்ட கட்டளை.

இவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்துவது வழக்கம். ஈஜிபுராவைப் போன்ற இடத்தில் இருவரும் வேண்டும். உரிமை எழுத்தில் இல்லாவிட்டால் எளியவர் பிறர் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்க நேரும். மனச்சாட்சி இல்லாவிட்டால் எழுதப்பட்ட உரிமை கோப்பில் உறங்கும்.

தயக்கம் என்னும் அறம்

நகரங்கள் வளரும், பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டே தீரும். கேட்க வேண்டியது இடிக்கும் முறையை. அரசு தயங்குகிறது என்பதை எதைக் கொண்டு அறிவது? இடிப்பதற்கு முன் மாற்றுக் கூரை தயாராக இருக்கிறதா? பதிவேட்டில் உள்ளவர் மட்டுமன்றி, அங்கே உண்மையில் அடுப்பெரிப்பவரும் கணக்கில் வந்தாரா? புதிய இடத்திலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவை யாரேனும் நடந்து பார்த்தார்களா? வாக்குறுதி தவறினால் விடை சொல்ல ஒருவர் பெயராவது ஏட்டில் உண்டா? இக்கேள்விகளுக்கு விடையளிக்கும் முன் இயங்காத இயந்திரமே அறத்தோடு கூடிய அதிகாரத்தின் அடையாளம்.

குடிமக்களுக்கும் இதில் பங்குண்டு. பாவம் அதைச் செய்தவரையே சேரும் என்று மக்கள் அன்று மனுவைத் தேற்றினர். மக்களாட்சியில் ஆள்வோரும் மக்களே, தேற்றுவோரும் மக்களே. ஈஜிபுராவில் கூரையிழந்த பெண்கள், மறுநாள் காலை யாருடைய வீடுகளிலோ வழக்கம்போல் வாசல் பெருக்கியிருப்பார்கள். அந்த வீடுகளில் உள்ளவர் எவரேனும், இரவு எங்கே தங்கினாய் அம்மா என்று கேட்டிருந்தால், அங்கே ஓர் அரசு தொடங்கியிருக்கும்.

யுதிஷ்டிரருடைய கேள்விக்குப் பீஷ்மர் சொன்ன விடையின் சாரம் இங்கே வந்து நிற்கிறது. ஒருவன் பலரை ஆள்வதற்கான தகுதியை அவன் தோள்வலியில் தேட வேண்டியதில்லை. சிறுமீனுக்கு நேரும் தீங்கு தன்னையும் சேரும் என்று அஞ்சும் நெஞ்சே அத்தகுதி. அந்த அச்சம் உள்ளவரைதான் செங்கோல் செங்கோலாக இருக்கும்.